வாமன டிபி: சின்னதா காட்டுறது வேற, சின்னதாக்குறது வேற

இந்த வார எபிசோட் ஒரு குட்டி வட்டத்தைப் பத்தி. எந்த ஆப்பைத் திறந்தாலும் பேருக்குப் பக்கத்துல ஒரு முகம் இருக்கும் இல்லையா, நம்ம பாஷைல டிபி, அதுதான். சாஃப்ட்வேர்காரங்க அதை அவதார்னு சொல்லுவாங்க. நம்ம ஊர் அவதாரம்தான், கப்பல் ஏறிப் போய் வேற வேஷத்துல திரும்பி வந்திருக்கு.

வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம் ஆன ஒரு லிசனர் கேட்டிருந்தார்: "அண்ணா, போட்டோவை சின்னச் சதுரமா ஆக்குறது ஒரு லைன் கோட்தானே? இதுக்கு எங்க லீட் எதுக்கு நாலு நாள் டைம் கொடுத்திருக்கார்?" நியாயமான சந்தேகம். ஆனா நான் உங்க லீட் பக்கம்தான். அந்த ஒரு லைன் கோட்ல ஒருத்தரோட தலை காணாமப் போகலாம், கலர் மாறலாம், வீட்டு அட்ரஸ் வெளில போகலாம். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

48 பிக்சலுக்குள்ள 12 மெகாபிக்சல்

முதல்ல அந்த ஒரு லைன் என்னன்னு சொல்லிடறேன். யூசர் ஏத்தின போட்டோவை அப்படியே சர்வர்ல வச்சுட்டு, சிஎஸ்எஸ்ல அகலம் 48, உயரம் 48, ஆப்ஜெக்ட்-ஃபிட் கவர், பார்டர்-ரேடியஸ் 50 சதவீதம். முடிஞ்சது. ஸ்கிரீன்ல அழகா ஒரு வட்டம் வரும். டெமோல எல்லாரும் கை தட்டுவாங்க.

இங்கதான் வாமனன் ஞாபகம் வரணும். மகாபலி முன்னாடி வந்து நின்ன உருவம் குள்ளம். உள்ள இருந்தது மூணு உலகத்தையும் அளக்கிற ஆள். அந்த 48 பிக்சல் வட்டமும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியறது குட்டி. உங்க போனுக்கு வந்து இறங்குறது முழு ஒரிஜினல்.

சும்மா ஒரு கணக்கு போடுவோம். 12 மெகாபிக்சல் போட்டோன்னா சுமாரா 4000க்கு 3000. ஃபைல் 3 எம்பின்னு வச்சுக்கோங்க. மெம்பர் லிஸ்ட்ல 50 பேர் இருந்தா ஒரு பக்கம் திறக்க 150 எம்பி. நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருக்கிற ஒருத்தருக்கு, அன்னைக்கு டேட்டால பத்துல ஒரு பங்கு, நாலு முகத்தைப் பார்க்கிறதுக்குள்ள காலி. மெமரில இன்னும் மோசம். ஜேபெக் சுருக்கி வச்சிருக்கிற ஃபார்மட். ஸ்கிரீன்ல காட்டணும்னா பிரவுசர் அதை விரிக்கணும். விரிச்சா ஒரு பிக்சலுக்கு 4 பைட், 12 மில்லியன் பிக்சல், அதாவது ஒரு முகத்துக்கு 48 எம்பி. பழைய ஆண்ட்ராய்டு போன் ஸ்க்ரோல் பண்ணும்போது ஏன் திக்குதுன்னு இப்போ புரியும்.

இதே முகத்தை சர்வர்லயே 96க்கு 96 ஆக்கி அனுப்பினா சில கேபிதான். ஏன் 48 இல்லாம 96? இப்போ இருக்கிற போன்கள்ல ஒரு சிஎஸ்எஸ் பிக்சல் இருக்கிற இடத்துல ரெண்டுக்கு ரெண்டு, சிலதுல மூணுக்கு மூணுன்னு நிஜ பிக்சல் இருக்கு. அதனால 96, 144 ரெண்டையும் வச்சுட்டு, எது வேணுமோ அதை பிரவுசரே எடுத்துக்கிற மாதிரி எஸ்ஆர்சி-செட்ல கொடுத்துடலாம்.

டேட்டா, மெமரி இதெல்லாம் கூட பரவாயில்லைன்னு விட்டுடலாம். விட முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு. போன்ல எடுக்கிற போட்டோவுக்குள்ள பிக்சல் மட்டும் இல்ல. எக்ஸிஃப்னு ஒரு பொட்டலம் கூடவே வரும். எந்த போன், எந்த நேரம், ஃபிளாஷ் போட்டாங்களா, எல்லாம் இருக்கும். கேமரா ஆப்ல லொகேஷன் ஆன்ல இருந்தா ஜிபிஎஸ் அட்சரேகை தீர்க்கரேகையும் இருக்கும், திறந்த வெளின்னா சில மீட்டர் துல்லியத்தோட.

இப்போ இப்படி யோசிங்க. ஹோம் டியூஷன் ஆப் ஒண்ணு. ஒரு டீச்சர், வீட்டு பால்கனில நின்னு எடுத்த போட்டோவை டிபியா வைக்கிறாங்க. ஆப் வீட்டு அட்ரஸைக் காட்டாது, போன் நம்பரையும் மறைச்சிருக்கு. ஆனா வட்டத்துக்குப் பின்னாடி ஒரிஜினல் ஃபைல் இருக்கு. ரைட் கிளிக், சேவ், எக்ஸிஃப் படிக்கிற ஏதாவது ஒரு டூல், அவ்வளவுதான். மேப்ல புள்ளி விழுந்துடும், எந்தத் தெரு, எந்த பில்டிங்னு. இதுக்கு ஹேக்கிங்னு பேர் கூட கிடையாது. அந்த போட்டோவை அவங்களுக்கு அனுப்பினதே நம்ம சர்வர்தான்.

கற்பனைக் கதைன்னு நினைச்சுடாதீங்க. 2012 டிசம்பர்ல, மெக்கஃபி ஆன்டிவைரஸை உருவாக்கின ஜான் மெக்கஃபி தலைமறைவா இருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் கொலை விஷயமா விசாரிக்கணும்னு பெலீஸ் நாட்டு போலீஸ் அவரைத் தேடிட்டு இருந்தது. அவர்கூட இருந்த வைஸ் பத்திரிகைக்காரங்க ஐபோன்ல ஒரு போட்டோ எடுத்து நெட்ல போட்டாங்க. அதுக்குள்ள இருந்த ஜிபிஎஸ்ஸை வாசகர்கள் படிச்சுட்டாங்க: ஆள் இருக்கிறது கவுதமாலா. கொஞ்ச நாள்லயே அங்க சட்டவிரோதமா நுழைஞ்சதுக்காகப் பிடிபட்டார். வாழ்நாள் முழுக்க கம்ப்யூட்டர் பாதுகாப்பு பேசின மனுஷனுக்கே இந்த நிலைமைன்னா, பால்கனி டீச்சருக்கு நாம என்ன எதிர்பார்க்க முடியும்? எக்ஸிஃப்னு ஒண்ணு இருக்குன்னு அவங்க தெரிஞ்சு வச்சிருக்கணும்னு சொல்றது அநியாயம். அது நம்ம வேலை.

"வாட்ஸ்ஆப்ல அனுப்பினா அதெல்லாம் போயிடுமே"ன்னு கேப்பீங்க. போட்டோவா அனுப்பினா போயிடும், வாட்ஸ்ஆப் திரும்ப சுருக்கித்தான் அனுப்புது. டாக்குமென்ட்டா அனுப்பினா அப்படியே இருக்கும். கேலரில இருந்து நேரா உங்க ஆப்ல ஏத்தினாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும்னு வச்சுக்கிட்டே கோட் எழுதுங்க.

படுத்துக்கிட்டு இருக்கிற முகங்கள்

சரி, எக்ஸிஃபைத் தூக்கிப் போட்டுடலாம்னு கிளம்புவீங்க. அவசரப்படாதீங்க. அந்தப் பொட்டலத்துக்குள்ள நமக்கு வேண்டிய பொருள் ஒண்ணு இருக்கு: ஓரியன்டேஷன்.

போனை நீங்க நிமிர்த்திப் பிடிச்சாலும், உள்ள இருக்கிற சென்சார் தன் வரிசைப்படிதான் பிக்சலைப் படிக்கும். அதுக்கு எது மேல எது கீழன்னு கவலை இல்ல. பல போன்கள் பிக்சலைத் திருப்பி எழுதுறதுக்குப் பதிலா, ஓரமா ஒரு குறிப்பு எழுதி வச்சுடும்: "காட்டும்போது இப்படித் திருப்பிக் காட்டு." 1ல இருந்து 8 வரைக்கும் ஒரு எண். 1ன்னா திருப்ப வேண்டாம். 6ன்னா கடிகார திசைல 90 டிகிரி. 2, 4, 5, 7 இந்த நாலும் கண்ணாடி பிம்பம் மாதிரி இடவலம் மாத்துறது சம்பந்தப்பட்டது.

இப்போ என்ன நடக்கும்? லைப்ரரி போட்டோவைத் திறக்கும், பிக்சலை மட்டும் எடுக்கும், சின்னதாக்கும், எக்ஸிஃப் இல்லாம சேவ் பண்ணும். குறிப்பு போயிடுச்சு, பிக்சல் திரும்பல. ஆள் படுத்துட்டார். பல கம்பெனி டைரக்டரில பாதி பேர் பெருமாள் மாதிரி அனந்தசயனத்துல இருக்கிறதுக்கு இதுதான் காரணம். டெவலப்பர் லேப்டாப்ல டெஸ்ட் பண்ணும்போது தெரியாது. ஏன்னா டெஸ்ட்டுக்கு எடுக்கிறது நெட்ல கிடைச்ச ஏதோ ஒரு போட்டோ. அது ஏற்கெனவே நேராத்தான் இருக்கும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. பழைய பிரவுசர்கள் வெப் பக்கத்துல இந்தக் குறிப்பைக் கண்டுக்காது. 2020 வாக்குல குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் குறிப்பைப் பார்த்து தானே திருப்பிக் காட்ட ஆரம்பிச்சது. அதனால ஒரிஜினலை பிரவுசர்ல திறந்தா நேரா இருக்கும், நீங்க சின்னதாக்கின ஃபைல் மட்டும் சாய்ஞ்சிருக்கும். "எனக்கு சரியாத்தானே தெரியுது"ன்னு ஒரு மணி நேரம் சண்டை போகும்.

மருந்து சுலபம். திறந்த உடனே, வேற எதையும் தொடுறதுக்கு முன்னாடி, குறிப்பைப் படிச்சு பிக்சலைத் திருப்பிடணும். பைதான் பில்லோல இமேஜ்ஆப்ஸ்குள்ள எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ்னு ஒரு ஃபங்ஷன் இதுக்குன்னே இருக்கு. திருப்பினதுக்கு அப்புறம் பொட்டலத்தைக் குப்பைல போடுங்க. வரிசை மாறினா வேலை கெட்டுது.

கலர் விஷயத்துலயும் இதே கதைதான், சுருக்கமா சொல்லிடறேன். ஐபோன் 7ல இருந்து ஐபோன்கள் டிஸ்ப்ளே பி3ன்னு கொஞ்சம் அகலமான கலர் எல்லைல போட்டோ எடுக்குது. "இந்த எண்களை இப்படிப் படி"ன்னு ஒரு கலர் புரொஃபைல் ஃபைலுக்குள்ள இருக்கும். அதையும் சேர்த்துத் தூக்கிப் போட்டா, அதே எண்களை பிரவுசர் எஸ்ஆர்ஜிபின்னு நினைச்சுப் படிக்கும், முகம் கொஞ்சம் வெளிறிப் போகும். முதல்ல எஸ்ஆர்ஜிபிக்கு மாத்துங்க, அப்புறம் புரொஃபைலைக் கழட்டுங்க.

தலையா, இடுப்பா?

அடுத்தது வெட்டுறது. போட்டோ செவ்வகம், நமக்கு வேணும்கிறது சதுரம். எதையாவது இழந்தே ஆகணும்.

எல்லா லைப்ரரியும் முதல்ல கொடுக்கிறது நடு வெட்டு. 3000க்கு 4000 நிமிர்ந்த போட்டோன்னா மேல 500, கீழ 500 போகும். செல்ஃபிக்கு இது போதும். ஆனா நம்ம ஆளுங்க டிபி எப்படி இருக்கும்? தஞ்சாவூர் பெரிய கோயில் முன்னாடி முழு உருவமா, செருப்பை எங்கயோ கழட்டி வச்சுட்டு, கை கட்டி நிக்கிற போட்டோ. கோபுரமும் வரணும், ஆளும் வரணும். அதுக்கு நடுவுல என்ன இருக்கும்? வேட்டிக் கரையும் கட்டின கையும். எங்க சித்தப்பா ஒரு ஆப்ல ரெண்டு வருஷமா வெறும் இடுப்பா இருக்கார்.

"அப்போ முகத்தைக் கண்டுபிடிச்சு வெட்டலாமே?" பண்ணலாம். 2001ல வயோலா, ஜோன்ஸ்னு ரெண்டு பேர் வெளியிட்ட முறை இன்னைக்கும் ஓப்பன்சிவில இலவசமா கிடைக்குது. கண் இருக்கிற பட்டை கன்னத்தைவிட இருட்டா இருக்கும், மூக்குத் தண்டு ரெண்டு பக்க கண்ணையும்விட வெளிச்சமா இருக்கும், இந்த மாதிரி நிறைய சின்னச் சின்ன வெளிச்ச வித்தியாசங்களை வேகமா சோதிச்சுப் பார்க்கிற முறை அது. அந்த வித்தியாசத்தை நம்பியே இருக்கிறதால, பின்னாடி ஜன்னல் வெளிச்சம் அடிச்சு முகம் இருட்டா விழுந்த போட்டோல தடுமாறும். நல்லா கறுத்த தோல், சுமாரான லைட்டிங்னா ஆள் இருக்கிறதே தெரியாமப் போக வாய்ப்பு ஜாஸ்தி. அப்போ கோட் என்ன பண்ணும்? முகம் கிடைக்கலைன்னு நடு வெட்டுக்குத் திரும்பும். திரும்ப இடுப்பு.

இதோட பெரிய கதை ட்விட்டர்ல நடந்தது. 2018ல அவங்க முகம் தேடுறதை விட்டுட்டு, மனுஷக் கண் ஒரு படத்துல முதல்ல எங்க போகும்னு கணிக்கிற ஒரு மாடலை வச்சு பிரிவியூவை வெட்ட ஆரம்பிச்சாங்க. 2020 செப்டம்பர்ல யூசர்களே சோதிச்சுப் பார்த்தாங்க: நீளமான ஒரு படத்துல ஒரு மூலைல செனட்டர் மிட்ச் மெக்கானல், இன்னொரு மூலைல பராக் ஒபாமா. இடத்தை மாத்தி வச்சுப் பார்த்தாலும் பிரிவியூல வந்தது மெக்கானல் முகம். பெரிய சர்ச்சை ஆச்சு. 2021 மே மாசம் ட்விட்டரே தன் ஆய்வை வெளியிட்டது. வெள்ளைக்காரர் முகத்துக்கும் கறுப்பர் முகத்துக்கும் சரிசமமா இருக்க வேண்டிய இடத்துல 4 சதவீதம் வெள்ளை முகம் பக்கம் சாய்வு. ஆண், பெண் ஒப்பிட்டா பெண்கள் பக்கம் 8 சதவீதம். அதுக்கப்புறம் நடந்த ஒரு போட்டில, அந்த மாடல் ஒல்லியான, இளமையான, வெளுத்த முகங்களை விரும்புதுன்னு ஒருத்தர் நிரூபிச்சு முதல் பரிசு வாங்கினார். போட்டியை நடத்தினதும் ட்விட்டர்தான், அதைப் பாராட்டத்தான் வேணும்.

இதுல எனக்குப் பிடிச்சது அவங்க எடுத்த முடிவு. இன்னும் பெரிய மாடல் போடுறோம்னு கிளம்பல. எப்படி வெட்டணும்கிறது ஆளுங்க முடிவு பண்ண வேண்டிய விஷயம்னு சொல்லிட்டு, மொபைல்ல சாதாரண அளவு படங்களை முழுசாவே காட்ட ஆரம்பிச்சாங்க.

டிபிக்கு முழுசா காட்ட முடியாது, இடம் இல்ல. ஆனா கேக்க முடியும். போட்டோ ஏத்தினதும் விரலால நகர்த்தி, பெருசாக்கி, இதுதான் நான்னு யூசரே சொல்ற ஒரு ஸ்கிரீன். முகம் கண்டுபிடிக்கிறதை அந்த ஸ்கிரீன்ல ஆரம்ப இடத்தை வைக்கிறதுக்கு மட்டும் பயன்படுத்துங்க. முகம் கிடைக்கலைன்னா நடுவுல வைக்காம மேல்பக்கமா வைங்க. நிமிர்ந்த போட்டோக்கள்ல மனுஷங்க தலை பெரும்பாலும் மேலதான் இருக்கும், இதுக்கு ஏஐ தேவையில்ல.

இன்னொண்ணு. அந்த ஸ்கிரீன்ல சதுரத்தைக் காட்டாதீங்க, வட்டத்தைக் காட்டுங்க. சதுரத்துக்குள்ள வட்டம் போட்டா மிஞ்சுற பரப்பு பை பை 4, அதாவது 78.5 சதவீதம்தான். அஞ்சுல ஒரு பங்குக்கு மேல மூலைல போயிடும். கல்யாண போட்டோவை சதுரமா வெட்டி வச்ச ஜோடிக்கு, வட்டத்துல பார்த்தா மாப்பிள்ளைக்குப் பாதி காது இருக்காது.

ஒரு பானை சோறு

இப்போ நிஜமான சுருக்குற வேலை. 3000க்கு 3000 சதுரம், 96க்கு 96 ஆகணும். வகுத்துப் பாருங்க: ஒரு பக்கத்துக்கு 31.25. அதாவது கடைசியா மிஞ்சுற ஒவ்வொரு பிக்சலும் கிட்டத்தட்ட 1000 பழைய பிக்சலுக்குப் பதிலா நிக்குது. அந்த 1000 பேர்ல யாரைக் கேட்டு கலரை முடிவு பண்றது?

சோம்பேறி வழி: நியரஸ்ட் நெய்பர். நடுவுல நிக்கிற ஒருத்தரை மட்டும் கேட்டுட்டுப் போறது. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு சொல்லுவோம் இல்ல, அதேதான். சோத்துக்கு அது சரி. எல்லாப் பருக்கையும் ஒரே தண்ணில ஒண்ணா வெந்தது. போட்டோல பக்கத்துப் பக்கத்துப் பிக்சல் அப்படி இல்ல. ஒண்ணு ஜரிகை, அடுத்தது பட்டு. ஒண்ணு நரைமுடி, அடுத்தது கருமுடி. நடுவுல நின்ன ஆள் தற்செயலா ஜரிகையா இருந்தா மொத்த பிக்சலும் ஜரிகை. அடுத்த பிக்சல்ல தற்செயலா பட்டு. விளைவு, ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி, கட்டம் போட்ட சட்டைல இல்லாத அலை அலையான கோடு. இதை மொய்ரேன்னு சொல்லுவாங்க. படத்துல கார் முன்னாடி போகும்போது சக்கரம் பின்னாடி சுத்துற மாதிரி தெரியுமே, அதுவும் இதே வியாதிதான். வேகமா மாறுற ஒண்ணை அங்கங்க மட்டும் எட்டிப் பார்த்தா, நடக்காத ஒண்ணு நடந்த மாதிரி தெரியும்.

இங்க ஒரு பொறி இருக்கு. "நான் பைலீனியர் போட்டிருக்கேன், அது நல்லது"ன்னு நிறைய பேர் நினைப்பாங்க. ஓப்பன்சிவில ரீசைஸோட டீஃபால்ட் பைலீனியர்தான். ஆனா அது பார்க்கிறது பக்கத்துல இருக்கிற 4 பிக்சலை மட்டும். 1000 பேர்ல 4 பேர். பருக்கை நாலாச்சு, அவ்வளவுதான். சின்னதாக்குறதுக்குன்னு அவங்க கொடுத்திருக்கிறது இன்டர்-ஏரியா. அது அந்த ஏரியால இருக்கிற எல்லாரையும் கேக்கும். பில்லோல அதே பைலீனியர்ங்கிற பேர் வேற மாதிரி நடந்துக்கும். சுருக்கும்போது எல்லாப் பிக்சலையும் கணக்குல எடுத்துக்கிற மாதிரி தன் வலையை விரிச்சுக்கும். ஒரே பேர், ரெண்டு லைப்ரரி, ரெண்டு நடத்தை. இன்டர்வியூல இதைக் கேட்டா நல்லா இருக்கும்னு எனக்கு ஒரு ஆசை உண்டு, ஆனா பாவம்னு விட்டுடறேன்.

இது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்ல. 2019ல யூசெனிக்ஸ் செக்யூரிட்டி மாநாட்டுல ஒரு ஆய்வு வந்தது. முழு அளவுல பார்த்தா ஆட்டு மந்தை. சுருக்கினா ஓநாய். எப்படி? சுருக்குற கோட் எந்த சில பிக்சலை மட்டும் பார்க்கும்னு தெரிஞ்சா, அந்த இடத்துல மட்டும் ஓநாயோட பிக்சலைத் தூவி வச்சுடலாம். மத்த இடமெல்லாம் ஆடு. உங்க மாடரேட்டர் பெரிய படத்தைப் பார்த்து ஓகே பண்ணுவார், எல்லார் ஸ்கிரீன்லயும் வட்டத்துல வர்றது வேற. எல்லாப் பிக்சலையும் சராசரி எடுக்கிற முறைல இந்த வித்தை எடுபடாது. மாடரேஷன் பண்றவங்க சுருக்கின படத்தையும் பார்க்கணும்.

லான்சோஷ்னு ஒரு ஃபில்டர் பேர் கேள்விப்பட்டிருப்பீங்க. கொர்னேலியஸ் லான்சோஷ், ஹங்கேரிக்காரர், ஐன்ஸ்டைனுக்குக் கொஞ்ச காலம் உதவியாளரா இருந்த கணித மேதை. அவர் பேர்ல இருக்கிற இந்த ஃபில்டர் வெறும் சராசரி எடுக்காது. கிட்ட இருக்கிறவங்களுக்கு ஜாஸ்தி ஓட்டு, தூரத்துல சிலருக்கு மைனஸ் ஓட்டு. அதனால கண் இமை, மீசை ஓரமெல்லாம் பளிச்சுன்னு நிக்கும். விலை என்னன்னா, கருப்பு வெள்ளை சந்திக்கிற இடத்துல லேசா ஒரு ஒளிவட்டம். 96 பிக்சல் முகத்துக்கு எனக்கு லான்சோஷ் பிடிக்கும். அதுக்கு மேல திரும்ப ஷார்ப்பனும் போட்டீங்கன்னா முகம் சுட்ட அப்பளம் மாதிரி ஆயிடும். பழைய டுடோரியல்ல இதையே ஆன்டிஏலியாஸ்னு எழுதியிருப்பாங்க. பில்லோ 10ல அந்தப் பேரை எடுத்துட்டாங்க, எர்ரர் வந்தா பதறாதீங்க.

வேகத்துக்கும் ஒரு நல்ல வழி இருக்கு. ஜேபெக்கை முழுசா விரிக்காமலே, எட்டுல ஒரு பங்கு அளவுல விரிக்கச் சொல்லலாம். 4000க்கு 3000 அப்படியே 500க்கு 375ஆ வெளிய வரும், அங்க இருந்து 96க்குப் போறது சுலபம். ஜேபெக் படத்தை 8க்கு 8 கட்டங்களாப் பிரிச்சுத்தான் வச்சிருக்கு, அதனாலதான் இந்த சலுகை.

பொட்டும் மல்லிகையும்

ரெண்டு நுணுக்கம் சொல்லணும், ரெண்டும் நம்ம முகங்களுக்குக் கொஞ்சம் ஸ்பெஷல்.

ஜேபெக் பொதுவா வெளிச்சத்தை முழு அளவுலயும், கலரை ரெண்டுக்கு ரெண்டு பிக்சலுக்கு ஒண்ணுன்னும் வச்சுக்கும். கலர் நுணுக்கத்துல நம்ம கண் கொஞ்சம் மந்தம்கிற தைரியம். பெரிய போட்டோல யாருக்கும் தெரியாது. 96 பிக்சல் படத்துல, நெத்தில இருக்கிற குங்குமப் பொட்டு எவ்வளவு இருக்கும்? ரெண்டு, ரெண்டரை பிக்சல். அதோட சிவப்பு பக்கத்துல பரவி, நெத்தில அடிபட்ட காயம் மாதிரி ஆயிடும். சேவ் பண்ணும்போது சப்சாம்ப்ளிங்கை ஆஃப் பண்ணிடுங்க. பில்லோல அதுக்கு மதிப்பு 0. ஃபைல் கொஞ்சம் கூடும், சில கேபி படத்துல அது ஒரு பெரிய விஷயமே இல்ல.

அடுத்தது மல்லிகை. கறுப்பு முடில வெள்ளைப் பூ. ஒரு பிக்சலுக்குள்ள பாதி பூ, பாதி முடின்னா எண் என்ன வரணும்? 0வும் 255ம், சராசரி 128ன்னு எல்லா லைப்ரரியும் போடும். ஆனா இந்த எண்கள் நேரடி வெளிச்ச அளவு இல்ல. எஸ்ஆர்ஜிபில 128ன்னா முழு வெளிச்சத்துல சுமாரா 22 சதவீதம்தான். நிஜமா பாதி வெளிச்சம் வேணும்னா 188 வரணும். அதனால பூச்சரம் சாம்பல் பூத்து, முடிக்குள்ள கரைஞ்சு போகுது. நரைச்ச தாடி, வைரத் தோடு, இருட்டுல சீரியல் லைட், எல்லாத்துக்கும் இதே கதி. எண்களை முதல்ல நேரியல் வெளிச்சமா மாத்தி, சராசரி எடுத்து, திரும்ப மாத்தினா சரியாகும். நேரம் கொஞ்சம் கூட ஆகும். பெரும்பாலான போட்டோல வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அதனால உங்க லீட் இதை வேண்டாம்னு சொன்னா நான் சண்டைக்கு வர மாட்டேன். பொட்டு விஷயத்துல வருவேன்.

பாதுகாப்புல ஒரு வரி. ஒரே கலர்ல 20000க்கு 20000 பிஎன்ஜி, ஃபைல் ஒரு எம்பி சொச்சம் இருக்கும், விரிச்சா 1.2 ஜிபி. நாலு பேர் சேர்ந்து ஏத்தினா சர்வர் மூச்சு விடாது. ஃபைல் சைஸை மட்டும் சோதிக்காம, விரிக்கிறதுக்கு முன்னாடியே ஹெடர்ல அகல உயரத்தைப் பாருங்க.

ஏற்கெனவே ஏத்தின போட்டோக்கள்

கடைசியா ஒரு கேள்வி, இது இன்னொரு லிசனர் அனுப்பினது. "எங்க ஆப்ல மூணு வருஷமா ஒரிஜினலைத்தான் காட்டிட்டு இருக்கோம். இனிமே சரி பண்ணிடலாம். பழசை என்ன பண்றது?"

பழசைத்தான் முதல்ல பண்ணணும். ஒவ்வொரு ஒரிஜினலையும் எடுத்து, திருப்பி, எஸ்ஆர்ஜிபி ஆக்கி, யூசர் ஏற்கெனவே ஏதாவது வெட்டு சொல்லியிருந்தா அதன்படி வெட்டி, 512க்கு 512ல ஒரு மாஸ்டர் எழுதுங்க. பிக்சல் மட்டும், வேற ஒண்ணும் கூட வரக் கூடாது. 96, 144 எல்லாம் அதுல இருந்து. ஒரிஜினலை வச்சுக்கணும்னு பிசினஸ் டீம் சொன்னா ஏன்னு கேளுங்க. காரணம் இல்லைன்னா அழிச்சுடுங்க.

பழைய ஃபைல் மேலயே எழுதுறவங்க ஒண்ணைக் கவனிக்கணும். 2023 மார்ச்ல ஏக்ரோபலிப்ஸ்னு ஒரு ஓட்டை வெளில வந்தது. கூகுள் பிக்சல் போன்ல ஸ்கிரீன்ஷாட்டை வெட்டி சேவ் பண்ணினா, சின்ன படம் பழைய ஃபைலோட ஆரம்பத்துல எழுதப்படும், ஃபைலோட மிச்ச வாலை வெட்டாமலே விட்டிருந்தாங்க. பேங்க் கார்டு நம்பரை வெட்டிட்டு ஷேர் பண்ணினவங்களோட படத்துல, அந்த வாலை வச்சு வெட்டின பகுதில பெரும்பங்கைத் திரும்ப எடுக்க முடிஞ்சது. விண்டோஸ் ஸ்னிப்பிங் டூல்லயும் இதே மாதிரி பிரச்சனை அடுத்த சில நாள்லயே தெரிய வந்தது. எக்ஸிஃப் பொட்டலத்துக்குள்ளயே ஒரு குட்டி பிரிவியூ படம் இருக்கும்கிறதையும் மறக்காதீங்க. சில சாஃப்ட்வேர் பெரிய படத்தை வெட்டும், அந்த குட்டியை வெட்டாது. வெட்டி எறிஞ்ச ஆள் அதுல சிரிச்சுட்டு நிப்பார். அதனால புது ஃபைல், புது பேர்.

அப்புறம் சிடிஎன். நீங்க சர்வர்ல அழிச்சாலும், அது தன் கேஷ்ல பழைய ஒரிஜினலை வச்சுட்டு உட்கார்ந்திருக்கும். பர்ஜ் பண்ணச் சொல்லுங்க. பண்ணிட்டோம்னு சொன்னா நம்பாதீங்க. ஒரு பழைய யூஆர்எல்லை எடுத்து, இன்காக்னிட்டோ விண்டோல, ஆபீஸ் வைஃபைல இல்லாம உங்க மொபைல் டேட்டால திறந்து பாருங்க. 404 வரணும்.